கணக்குப்பிள்ளை இல்லாத வலை

வாட்ஸ்அப்பில் இந்த நிமிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை மெட்டா நிறுவனத்தின் சர்வர்களில் இருக்கிறது. வெளியே சொல்வார்களா என்பது வேறு. எண் என்று ஒன்று அங்கே இருக்கிறது. கோப்புகளைப் பகிரும் பிட்டோரண்ட் வலையமைப்பில் எத்தனை பேர் என்று கேட்டால் அப்படியொரு எண் எங்குமே எழுதி வைக்கப்படவில்லை. அதற்குத் தலைமை அலுவலகம் கிடையாது, பதிவேடு கிடையாது, கணக்குப்பிள்ளையும் கிடையாது. தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் யாராவது வெளியே நின்று எண்ணித்தான் ஆகவேண்டும்.

இந்த வேலையை முன்னின்று செய்தவர்களில் கணிசமானோர் முனைவர் பட்டத்துக்காகப் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். பல்கலைக்கழகத்தின் வேகமான இணைப்பு, சில கணினிகள், சொந்தமாக எழுதிய ஒரு நிரல், இரவு பகலாக அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை, இவ்வளவு போதும். எந்த நிறுவனத்தின் வாசலிலும் தரவுக்காகக் காத்து நிற்க வேண்டியதில்லை. வலையமைப்பின் விதிமுறை திறந்து கிடக்கிறது. அதில் ஒரு பங்காளியாகச் சேர்ந்து, மற்றவர்களிடம் 'உனக்கு யார் யாரைத் தெரியும்' என்று கேட்டுக்கொண்டே போகலாம். (அனுமதி கேட்டிருக்க வேண்டாமா என்ற கேள்வி பின்னால் வந்தது. அதற்கு வருவோம்.)

கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இப்படி எழுதப்பட்ட கட்டுரைகளைத் தொடர்ச்சியாக வாசிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. அவை தந்த எண்களில் பெரும்பாலானவை காலாவதியாகிவிட்டன. அளக்கப்பட்ட வலையமைப்புகளே பல இன்று இல்லை. முந்தைய எண்கள் எங்கே, எதனால் பிசகின என்று துப்புத் துலக்கிய கட்டுரைகள் மட்டும் இன்னும் புதிதாக இருக்கின்றன. இந்தத் துறையின் வரலாறு அளவுகோலைத் திருத்திய வரலாறு என்பதே என் வாதம்.

1999 ஜூனில் பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் படித்த ஷான் ஃபேனிங் பாட்டுப் பகிர்வு மென்பொருளான நாப்ஸ்டரை வெளியிட்டபோது எண்ணும் சிக்கல் இன்னும் பிறக்கவில்லை. பாட்டுகள் பயனர்களின் கணினிகளில் இருந்தன. எந்தப் பாட்டு யாரிடம் என்ற பட்டியல் மட்டும் நாப்ஸ்டரின் சர்வர்களில். இசை நிறுவனங்கள் வழக்குப் போட்டபோது அந்தப் பட்டியலை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும் என்ற நிலை. 2001 ஜூலையில் நின்றது. அதற்கு முன்பே, 2000 மார்ச்சில், நல்சாஃப்ட் நிறுவனத்தின் ஜஸ்டின் ஃபிராங்கலும் டாம் பெப்பரும் நுட்டெல்லாவை வெளியிட்டிருந்தார்கள். தாய் நிறுவனமான ஏ.ஓ.எல். ஒரே நாளில் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அதற்குள் பிரதிகள் பரவிவிட்டன. நுட்டெல்லாவில் பட்டியல் என்பதே இல்லை. ஒரு கணினி தன் அண்டைக் கணினிகளிடம் கேட்கும், அவை தங்கள் அண்டைகளிடம் கேட்கும். ஏழு தாவல்கள் வரை கேள்வி இப்படிப் பரவும். நிறுத்த ஓர் இடம் இல்லாமல் போனபோதே எண்ணவும் ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

முதலில் வந்த முக்கியமான எண் அதே 2000-ஆம் ஆண்டு ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்திலிருந்து வந்தது. எய்தன் அடாரும் பெர்னார்டோ ஹியூபர்மனும் நுட்டெல்லாவின் செய்திகளைக் கவனித்து, பயனர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு கோப்பைக்கூடப் பகிரவில்லை என்றார்கள். வரும் பதில்களில் பாதியை, பகிர்பவர்களில் முதல் 1 விழுக்காட்டினர் மட்டுமே தருகிறார்கள் என்றும் காட்டினார்கள். எல்லோரும் சமம், எல்லோரும் கொடுத்து வாங்குவார்கள் என்ற பரவசப் பேச்சு உச்சத்தில் இருந்த நேரம் அது.

அடுத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் சரோயு, கிருஷ்ணா கும்மடி என்ற இரு மாணவர்கள், பேராசிரியர் ஸ்டீவன் கிரிபிளுடன். கும்மடி சென்னை ஐ.ஐ.டி.யில் இளநிலைப் பட்டம் முடித்துவிட்டுப் போனவர். 2001-இல் நாப்ஸ்டரையும் நுட்டெல்லாவையும், கணினி கணினியாகக் கேட்டுக்கொண்டே போகும் கிராலர் என்ற நிரலை வைத்துத் துழாவி, கிடைத்த கணினிகளின் வேகம், தாமதம், எவ்வளவு நேரம் இணைப்பில் இருக்கின்றன என்பதையெல்லாம் அளந்தார்கள். ஒருவர் ஒரு முறை வந்தால் தங்கும் நேரத்தின் இடைநிலை ஏறத்தாழ ஒரு மணி நேரம். எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது வேறொரு தகவல். நாப்ஸ்டரில் ஒவ்வொருவரும் தம் இணைப்பின் வேகத்தைத் தாமே சொல்ல வேண்டும். 64 கிலோபிட் அல்லது அதற்கும் குறைவு என்று சொன்னவர்களில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு உண்மையில் அதைவிட வேகமான இணைப்பு இருந்தது. மெதுவான இணைப்பு என்று சொன்னால் யாரும் வந்து தொந்தரவு செய்யமாட்டார்கள் அல்லவா! கேட்டதற்குக் கிடைத்த பதிலை அப்படியே நம்பக்கூடாது, நேரில் அளக்க வேண்டும் என்ற பாடத்தைத் துறை இங்கே கற்றது.

சிகாகோ பல்கலைக்கழக மாணவர் மாத்தேய் ரிப்பியானு நுட்டெல்லாவின் இணைப்பு வரைபடத்தை இணையத்தின் வரைபடத்தோடு வைத்துப் பார்த்தார். நுட்டெல்லாக் கணினிகளில் 40 விழுக்காட்டுக்கும் மேல் பத்தே பத்துப் பெரிய வலையமைப்புகளுக்குள் இருந்தன. ஆனாலும் நுட்டெல்லா இணைப்புகளில் 2 முதல் 5 விழுக்காடு மட்டுமே ஒரே வலையமைப்புக்குள் அமைந்தன. அடுத்த தெருவில் இருக்கும் பாட்டு கடல் கடந்து வந்து சேர்ந்தது. இணையச் சேவை நிறுவனங்களுக்கு இது எவ்வளவு பெரிய தலைவலியாகும் என்பது அப்போது யாருக்கும் முழுதாகப் புரிந்திருக்காது.

எண்ணி முடிப்பதற்குள் மாறிவிடும் கூட்டம்

இந்த முதல் அலைக் கட்டுரைகளுக்குள் ஒரு பொதுவான அனுமானம் ஒளிந்திருந்தது: கிராலர் ஓடும் நேரத்தில் வலையமைப்பு அசையாமல் நிற்கிறது என்ற அனுமானம். உண்மையில் ஆட்கள் வந்துகொண்டும் போய்க்கொண்டும் இருக்கிறார்கள். எழும்பூரில் கிளம்பிய பயணிகள் ரயிலின் முன்பதிவில்லாப் பெட்டியில் தலை எண்ணத் தொடங்கி, விழுப்புரத்தில் எண்ணி முடித்தால் கிடைக்கும் தொகை எந்த நிலையத்தில் பெட்டியில் இருந்த கூட்டம்? இறங்கிப் போனவரும் கணக்கில் இருப்பார், வழியில் ஏறியவரும் இருப்பார். அத்தனை பேரும் ஒருசேர எந்த நேரத்திலும் பெட்டியில் இருந்திருக்கமாட்டார்கள்.

ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ரெசா ரெஜாயியிடம் ஆய்வு செய்த டேனியல் ஸ்டட்ஸ்பாக் இதைக் கையில் எடுத்தார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு 2006-இல் முடிந்தது. அதையொட்டி வந்த கட்டுரைகளை இத்துறைக்குள் நுழையும் எந்த மாணவருக்கும் முதல் வாசிப்பாகப் பரிந்துரைப்பேன். அவர்கள் எழுதிய கிராலரின் பெயர் குரூசர். முந்தையவை மணிக்கணக்கில் ஓடிய இடத்தில், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் கொண்ட நுட்டெல்லாவை இது சில நிமிடங்களில் சுற்றி வந்தது. தந்திரம் எளியது: நுட்டெல்லா அப்போது இரண்டு அடுக்காகியிருந்தது; மேலடுக்கில் இருக்கும் 'அல்ட்ராபியர்'களிடம் மட்டும் கேட்டால் அவர்களே தங்களுக்குக் கீழே இருப்பவர்களைச் சொல்லிவிடுவார்கள். அதோடு, ஒரே நேரத்தில் பல கணினிகளிலிருந்து கேட்பது.

வேகம் கூடியதும் காட்சியே மாறியது. நுட்டெல்லாவில் ஒருவருக்கு எத்தனை அண்டைகள் என்ற பரவல் 'அடுக்கு விதி'யைப் பின்பற்றுகிறது என்று முன்பு பலர் எழுதியிருந்தார்கள்: மிகச் சிலருக்கு மிகப் பல இணைப்பு, மிகப் பலருக்கு மிகச் சில. குரூசர் எடுத்த படத்தில் மேலடுக்குக் கணினிகளின் இணைப்பு எண்ணிக்கை 30-ஐ ஒட்டிக் குவிந்து நின்றது. அதில் மர்மம் ஒன்றுமில்லை. மென்பொருளை எழுதியவர்கள் வைத்த வரம்பே அவ்வளவுதான். பிறகு, தங்கள் கிராலரையே வேண்டுமென்று மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார்கள். படம் சிதையத் தொடங்கி, அடுக்கு விதி போலத் தோற்றம் காட்டியது. பழைய கட்டுரைகள் கண்ட விதியில் ஒரு பகுதியாவது அளவுகோலின் நிழலாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை இதைவிட நேர்மையாக எழுப்ப முடியாது என்று நினைக்கிறேன். பிறருடைய தவறைச் சுட்டிக்காட்டியதோடு நிற்காமல், அந்தத் தவறைத் தன் ஆய்வகத்தில் மறுபடி உண்டாக்கிக் காட்டுவது அறிவியல்.

வருகை, வெளியேற்றம் பற்றிய அவர்களுடைய 2006 கட்டுரை இன்னும் நுணுக்கமானது. ஒருவர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்று அளப்பது எளிது போலத் தெரியும். ஒரு வாரம் கவனிக்கிறீர்கள் என்று வையுங்கள். வாரம் தொடங்கும்போதே உள்ளே இருந்தவர் எப்போது வந்தார் என்று தெரியாது. வாரம் முடியும்போது உள்ளே இருப்பவர் எப்போது போவார் என்று தெரியாது. இரண்டு வகையையும் விட்டுவிட்டால், நீண்ட நேரம் தங்குபவர்களே கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள். மாறாக, ஒரு கணத்தில் உள்ளே இருப்பவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நீண்ட நேரம் தங்குபவர்கள் அளவுக்கு மீறித் தெரிவார்கள், ஏனென்றால் எப்போது எட்டிப் பார்த்தாலும் இருப்பவர்கள் அவர்கள்தாம். கவனிக்கும் காலத்தின் முதல் பாதியில் வந்தவர்களை மட்டும் எடுத்து, அந்தக் காலத்தின் பாதிக்கு மேற்படாத தங்கலை மட்டும் பேசுவது ஒரு திருத்தம். இப்படியெல்லாம் சீர்செய்த பிறகு நுட்டெல்லா, பிட்டோரண்ட், கேட் என்ற இன்னொரு வலையமைப்பு ஆகிய மூன்றிலும் ஒரே போக்குத் தெரிந்தது: தங்கும் நேரம், கணிதத்துக்கு வசதியான அடுக்குக்குறிப் பரவலைப் பின்பற்றவில்லை, எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவர்களில் பெரும்பகுதி நிலையாக இருப்பவர்கள், மீதிப் பேர் மின்னல்போல் வந்து போகிறவர்கள். அதுவரை பல ஆராய்ச்சியாளர்கள் தங்கள் வடிவமைப்புகளை அந்த வசதியான அனுமானத்தின் மேல்தான் சோதித்து வந்தார்கள்.

அந்த வடிவமைப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2001-இல் கார்ட், கேன், பேஸ்ட்ரி, டேப்பஸ்ட்ரி என்று நான்கு திட்டங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்தன. எந்தக் கோப்பு யாரிடம் என்ற பட்டியலைக் கணித ஒழுங்கோடு எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது அவற்றின் சாரம். கார்ட் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த எம்.ஐ.டி. பேராசிரியர் ஹரி பாலகிருஷ்ணன். ஆனால் நடைமுறையில் வென்றது 2002-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பேட்டர் மேமன்கோவும் டேவிட் மசியேரும் எழுதிய கேடெம்லியா. ஒரு கணினியின் பழைய தொடர்புகளைத் தூக்கியெறியாமல் வைத்துக்கொள்வது அதன் குணம். நெடுநேரம் இருந்தவர் இன்னும் நெடுநேரம் இருப்பார் என்ற, நுட்டெல்லாவில் அளந்து அறிந்த உண்மையை அது பயன்படுத்திக்கொண்டது.

முகவரி மனிதன் ஆகாது

எண்ணுவதில் இன்னொரு கோளாறு, எதை எண்ணுகிறோம் என்பது. கிராலருக்குத் தெரிவது ஐ.பி. முகவரி. 2003-இல் சான் டியேகோவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவி ரஞ்சிதா பகவான், ஸ்டீஃபன் சாவேஜ், ஜெஃப்ரி வோல்கர் மூவரும் ஓவர்நெட் என்ற வலையமைப்பை ஆராய்ந்தபோது, அங்கே ஒவ்வொரு பயனருக்கும் மாறாத அடையாள எண் இருந்தது வசதியாயிற்று. ஒரே ஆள் நாளுக்கு ஒரு முகவரியோடு வருவது கண்கூடாகத் தெரிந்தது. முகவரிகளை ஆட்களாக எண்ணினால் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடும். போனவர் போனவராகவும், வேறு முகவரியில் திரும்பி வந்த அவரே புதியவராகவும் கணக்கில் ஏறுவார். முந்தைய கட்டுரைகள் பல இந்த வலையமைப்புகளை உண்மையைவிட நிலையற்றவையாகக் காட்டியதற்கு இது ஒரு காரணம்.

இதே குழப்பம் சட்டத்துக்குள் நுழைந்தபோது வேடிக்கையாக இல்லை. 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பியாடெக், தடாயோஷி கோனோ, அரவிந்த் கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட கட்டுரை ஒன்று. பிட்டோரண்டை அளப்பதற்காக, ஒரு கோப்பை யார் யார் பகிர்கிறார்கள் என்று குறித்து வைக்கும் டிராக்கர்களிடம் பட்டியல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த இவர்களுடைய கணினிகளுக்கு, ஒரு கோப்பையும் எடுக்காத நிலையிலேயே, பதிப்புரிமை மீறல் புகார்கள் வந்து குவிந்தன. புகார் அனுப்பும் நிறுவனங்கள் டிராக்கர் சொன்ன பட்டியலை அப்படியே நம்புகின்றன என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்தின் பிரிண்டர்களின் முகவரிகளை டிராக்கரில் பதிந்து பார்த்தார்கள். படத்தைத் திருடியதாகப் பிரிண்டருக்குப் புகார் வந்தது. இத்துறைக் கட்டுரைகளில் நான் வாய்விட்டுச் சிரித்தது இந்த ஒன்றுக்குத்தான். ஆனால் அளவீட்டில் கவனக்குறைவு என்பது ஆய்வேட்டுக்குள் அடங்கிவிடும் பிழை இல்லை என்று காட்டியதும் இதுதான். நம் ஊரிலும் 2012-இல் திரைப்படத் திருட்டைத் தடுக்க வேண்டிச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையை வைத்து இணையச் சேவை நிறுவனங்கள் முழுத் தளங்களையே முடக்கின. குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே தடை என்று நீதிமன்றம் பிறகு தெளிவுபடுத்த வேண்டியிருந்தது.

அளவுகோலின் சாய்வு, இப்படிக் கணினிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ளும் பியர்-டு-பியர் வலைகளுக்கு மட்டும் உரிய நோயன்று. இணையத்தின் வரைபடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1999-இல் ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர் இணையத்தின் கட்டமைப்பு அடுக்கு விதியைப் பின்பற்றுகிறது என்று எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. 2003-இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் அனுகூல் லக்கினாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கேள்வி கேட்டார்கள்: தகவல் கடந்துபோகும் பாதையைக் காட்டும் டிரேஸ்ரூட் கருவியைச் சில இடங்களிலிருந்து மட்டும் ஓட்டினால் என்ன தெரியும்? எந்த அடுக்கு விதியும் இல்லாத, குலுக்கல் முறையில் வரைந்த ஒரு வலையைக் கணினியில் உருவாக்கி, அதைச் சில முனைகளிலிருந்து அளந்து பார்த்தார்கள். இல்லாத அடுக்கு விதி தெரிந்தது. அளப்பவருக்கு அருகில் இருக்கும் இணைப்புகள் நிறையத் தெரிகின்றன, தொலைவில் இருப்பவை மறைந்துவிடுகின்றன. எங்கே நின்று பார்க்கிறோம் என்பது படத்துக்குள் வந்துவிடுகிறது.

அளக்கப்பட்டதே அளவுகோலாக

பிட்டோரண்டை பிராம் கோஹன் 2001-இல் வெளியிட்டார். ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி, உனக்கு நான் தந்தால் எனக்கு நீ தா என்ற பேரத்தை நிரலுக்குள்ளேயே வைத்தது அது. அடார், ஹியூபர்மன் கண்ட ஓசிச் சவாரிக்கு மருந்து என்று பேசப்பட்டது. டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் யோஹான் பவ்வெல்சே குழு 2005-இல் வெளியிட்ட அளவீடு மருந்தின் எல்லையைக் காட்டியது: பதிவிறக்கம் முடிந்த பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் தங்கிப் பிறருக்குக் கொடுத்தவர்கள் 17 விழுக்காடு, பத்து மணி நேரத்துக்கு மேல் தங்கியவர்கள் 3 விழுக்காட்டளவு. பேரம் நடக்கும்வரை எல்லோரும் தருகிறார்கள். தேவை தீர்ந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். இந்தத் திசையில் கட்டுரைகள் ஏராளம். பெரும்பாலானவை ஒரே முடிவைச் சிறு மாற்றங்களோடு சொல்பவை.

சேவை நிறுவனங்களின் எதிர்வினை இதைவிட முக்கியமானது. அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் பிட்டோரண்ட் இணைப்புகளுக்கு நடுவே போலியான 'துண்டிப்பு' பாக்கெட்டுகளைச் செருகி அவற்றை அறுத்துவிடுவதை ஒரு பயனர் கண்டுபிடித்தார். 2007 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் சோதித்து உறுதி செய்தது. இது எவ்வளவு பரவலானது? ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் மென்பொருள் அமைப்புகள் நிறுவனத்தில் மார்செல் டிஷிங்கர் என்ற மாணவரும், அங்கே குழுத்தலைவராகியிருந்த கும்மடியும் 2008-இல் கிளாஸ்னோஸ்ட் என்ற கருவியைத் திறந்தார்கள். பயனர் தம் பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். பிட்டோரண்ட் வடிவில் ஓர் ஓட்டம், அதே அளவில் அர்த்தமற்ற எண்களால் ஆன இன்னோர் ஓட்டம். முன்னது மட்டும் அறுந்தால் யாரோ அறுக்கிறார்கள். அமெரிக்காவில் காம்காஸ்ட், காக்ஸ், சிங்கப்பூரில் ஸ்டார்ஹப் ஆகியவற்றின் வலையமைப்புகளில் தடை தெளிவாகத் தெரிந்தது. 2010-க்குள் 3.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதை ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2008 ஆகஸ்டில் காம்காஸ்டைக் கண்டித்ததும், 2010-இல் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்ததும் தனிக்கதை. ஆணையத்துக்குத் தெரியாததைச் சாதாரணப் பயனர் வீட்டிலிருந்தே நிறுவ முடிந்தது என்பது இங்கே பொருட்படுத்த வேண்டியது.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக மாணவர் டேவிட் சாஃப்ன்ஸ், ஃபபியான் புஸ்டமாண்டேயுடன் செய்தது இதற்கும் ஒரு படி மேல். ரிப்பியானு சுட்டிய பிரச்சினைக்கு அவர்கள் கண்ட தீர்வு 2008-இல் வந்த ஓனோ: பெரிய உள்ளடக்க விநியோக நிறுவனங்கள் ஒவ்வொரு பயனரையும் அவருக்கு அருகிலிருக்கும் சர்வருக்கு அனுப்புகின்றன, இரண்டு பேர் ஒரே சர்வருக்கு அனுப்பப்பட்டால் அவர்கள் ஒருவருக்கொருவர் அருகில் இருக்கிறார்கள். யாரையும் கேட்காமல், வேறொருவர் காசு செலவழித்து அளந்த அளவீட்டை இலவசமாக எடுத்துக்கொள்ளும் சாமர்த்தியம். பிட்டோரண்ட் மென்பொருள் ஒன்றுக்கான நீட்சியாக இதை வெளியிட்டார்கள், லட்சக்கணக்கானோர் நிறுவினார்கள்.

அப்போதுதான் இன்னொரு வாசல் திறந்தது. அதுவரை இணையத்தை அளந்தவர்கள் பிளானட்லேப் போன்ற, பெரும்பாலும் பல்கலைக்கழகங்களில் வைத்த கணினிகளிலிருந்து அளந்தார்கள். வீடுகளின் இணையம் அங்கிருந்து தெரியாது. ஓனோவை நிறுவியவர்களின் கணினிகளில் ஓடிய டிரேஸ்ரூட்டுகள் 9.92 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளிலிருந்து, 3,700-க்கும் மேற்பட்ட வலையமைப்புகளிலிருந்து வந்தன. 2009-இல் வெளியான கட்டுரை, பொதுவெளித் தரவில் இல்லாத 23,914 புதிய இணைப்புகளைக் காட்டியது. வலையமைப்புகள் சமமாகப் பரிமாறிக்கொள்ளும் வகை இணைப்புகளில் மட்டும் முன்பு தெரிந்ததைவிட ஏறத்தாழ 41 விழுக்காடு கூடுதல். எங்கே நிற்கிறோம் என்ற சிக்கலுக்கு, எல்லா இடத்திலும் நிற்பவர்களையே துணைக்கழைத்த விடை இது.

2016-இல் பிலிப் ரிக்டரும் உடன் ஆய்வாளர்களும் பிட்டோரண்டின் விலாசப் பட்டியலில் தவறிக் கசியும் உள்முகவரிகளைச் சேகரித்து, எந்தெந்தச் சேவை நிறுவனங்கள் ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை அடைத்து வைத்திருக்கின்றன என்று கண்டுபிடித்தார்கள். செல்பேசி வலையமைப்புகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அப்படித்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ கைப்பேசியில் இணையம் பார்ப்பவருக்குச் சொந்த முகவரி இருப்பது அரிது. முகவரியை மனிதராக எண்ணியபோது முன்பு தொகை பெருகியது; இப்போது சுருங்குகிறது.

அளக்கும் உரிமை பற்றிய கேள்வி இதற்குள் முற்றியிருந்தது. 2008-இல், பெயர் மறைக்கும் டோர் வலையமைப்பில் ஒரு வெளியேறு கணுவை (போக்குவரத்து அந்த வலையை விட்டு வெளியேறும் கணினியை) தாமே நடத்தி அதன் வழியே சென்ற போக்குவரத்தின் ஒரு பகுதியைப் பதிந்த கல்விசார் ஆய்வு கடும் கண்டனத்துக்குள்ளானது. 2012-இல் பெயர் தெரியாத ஒருவர், கடவுச்சொல் மாற்றப்படாத சுமார் 4.2 லட்சம் பிறருடைய கருவிகளைக் கைப்பற்றி இணையம் முழுவதையும் கணக்கெடுத்தார்; தரவு அற்புதம், வழி குற்றம். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் சாகிர் துருமெரிச்சும் குழுவும் ஸீமேப் என்ற கருவியால் ஒரே கணினியிலிருந்து 45 நிமிடத்துக்குள் அதே பரப்பைச் சுற்றி வந்தார்கள்; எங்களை அளக்காதீர்கள் என்று கேட்பவர்களை விட்டுவிடும் நெறியோடு. நல்ல பொறியியல் சில நேரம் அறச்சிக்கலையும் கரைத்துவிடுகிறது. எப்போதும் அப்படி வாய்ப்பதில்லை.

இன்று

பியர்-டு-பியர் ஓய்ந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். வெகுமக்கள் சேவைகளில் அது உண்மை. ஸ்கைப் 2012-இல் தன் முக்கியக் கணுக்களைத் தன் சர்வர்களுக்கே மாற்றிக்கொண்டது. ஸ்பாடிஃபை 2014-இல் கைவிட்டது. சர்வர் மலிவாகிவிட்டது, கைப்பேசியின் மின்கலம் பிறருக்காகப் பதிவேற்றம் செய்யத் தாங்காது. ஆனால் 2013-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தின் லியாங் வாங்கும் யூசி காங்கஷார்யூவும் பிட்டோரண்டின் பொதுப் பட்டியலில் நாளொன்றுக்கு 1.5 கோடி முதல் 2.7 கோடிப் பேர் இருப்பதாக அளந்தார்கள். அவர்கள் செய்த முக்கிய வேலை, வழக்கமான கிராலர்கள் எத்தனை பேரைத் தவறவிடுகின்றன என்று கண்டுபிடித்ததுதான்: தங்களுடைய கணுக்கள் சிலவற்றைத் தெரிந்தே உள்ளே விட்டு, அவற்றில் எத்தனை கிராலரின் கண்ணில் படுகின்றன என்று பார்த்து, விடுபடும் விகிதத்தைக் கணக்கிட்டார்கள்.

பிட்காயின் வந்ததும் பழைய கேள்விகள் புதிய பணமதிப்போடு திரும்பின. சூரிச் இ.டி.எச்.சின் கிறிஸ்டியன் டெக்கரும் ரோகர் வாட்டன்ஹோஃபரும் 2013-இல் அளந்தபடி, ஒரு புதிய பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு) பாதிக் கணுக்களைச் சென்றடைய 6.5 விநாடி எடுத்தது; அந்தத் தாமதமே பேரேட்டில் கிளைபிரிதலுக்கு முக்கியக் காரணம் என்றார்கள். 2015-இல் பாஸ்டன் பல்கலைக்கழக மாணவர் ஈதன் ஹைல்மனும் உடன் ஆய்வாளர்களும், ஒரு கணுவின் எல்லா அண்டைகளையும் தன்வசமாக்கி அதை உலகத்திலிருந்து மறைத்துவிட முடியும் என்று காட்ட, மென்பொருளே திருத்தப்பட்டது.

ஐ.பி.எஃப்.எஸ். என்ற கோப்பு வலையமைப்பு மையமில்லா இணையத்தின் முகமாகப் பேசப்படுகிறது. 2023-இல் வெளியான ஓர் அளவீடு, அதன் பொதுப் பட்டியலைத் தாங்கும் கணுக்களில் ஏறத்தாழ 80 விழுக்காடு கிளவுட் நிறுவனங்களின் தரவு மையங்களில் இருப்பதாகவும், மூன்றே நிறுவனங்களிடம் பாதிக்கு மேல் இருப்பதாகவும் காட்டியது. மையமில்லை என்ற பேச்சைக் கேலி செய்ய இந்த எண்ணைப் பலர் எடுத்துக்கொள்ளலாம். நான் கொஞ்சம் தயங்குவேன். பட்டியலைத் தாங்கும் கணு என்பது வெளியிலிருந்து அணுகக்கூடிய கணு. வீட்டு ரவுட்டருக்கும் செல்பேசி நிறுவனத்தின் பொதுமுகவரிக்கும் பின்னால் இருப்பவர்கள் அந்தப் பட்டியலில் ஏறவே மாட்டார்கள். கேட்க மட்டுமே முடியும். கிராலர் கண்ட கிளவுட் ஆதிக்கத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கிராலர் நின்ற இடத்தின் சாய்வு என்று பிரிக்க, மறைந்திருப்பவர்களையும் அளக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு: நிறையக் கணுக்களைத் தாமே வலையமைப்புக்குள் நுழைத்து, வந்து கேட்பவர்களையெல்லாம் குறித்துக்கொள்வது. ஒரே ஆள் பல முகங்களோடு நுழைவதை மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் ஜான் டௌசர் 2002-இலேயே சிபில் தாக்குதல் என்று பெயரிட்டு, மையக் கட்டுப்பாடு இல்லாத இடத்தில் அதை முழுதாகத் தடுக்க வழியில்லை என்று எழுதியிருந்தார். அளவீட்டாளரும் தாக்குபவரும் செய்யும் வேலை இங்கே ஒன்றுதான். கேட்பவர்களின் தனிமை இரண்டிலும் ஒரே அளவில் திறந்துவிடப்படுகிறது. இந்த ஓட்டையை அடைக்க இப்போது முயல்கிறார்கள். அடைபட்டால் வலையமைப்பு பாதுகாப்பாகும். மறைந்திருப்பவர்களை எண்ண அடுத்த மாணவர் வேறு வழி தேட வேண்டும்.